பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்’: நெகட்டிவ் என்றால் நல்லதுதானே?

ஓவர்லாக்செல்வி

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூர். பனியன் கம்பெனியில் பதினான்கு வருடமாகச் செக்கிங் பார்க்கிறேன். படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. உயிரியல் பாடம் இருந்தது, ஆனால் செல் என்றால் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து பாகம் குறித்ததோடு சரி.

அம்மாவுக்கு வயது 58. மூன்று மாதத்துக்கு முன் இடது மார்பில் ஒரு பக்கம் தடிப்பாக இருக்கிறது என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். கட்டி என்று உருண்டையாகக் கைக்கு அகப்படவில்லை. தையலில் துணி இரண்டாக மடிந்து மாட்டிக்கொண்டால் விரலுக்கு ஒரு கனம் தெரியுமே, அப்படித்தான் இருந்தது. முதலில் மேமோகிராம் எடுத்த இடத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாதான் விடவில்லை. வேறு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு ஊசியால் சதை எடுத்து அனுப்பினார்.

ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: இன்வேசிவ் லோபுலர் கார்சினோமா, கிரேடு 2. ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். கேஐ-67 12 சதவீதம். ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ். பி120 சைட்டோபிளாசத்தில்.

ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றையும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மாத்திரை வேலை செய்யும் வகை என்றார். ஈ-கேட்ஹெரினைக் கேட்டபோது, “அது எந்த வகை என்று பார்க்கிற டெஸ்ட்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து தம்பி போனில் தேடினான். ‘ஈ-கேட்ஹெரின் போய்விட்டால் கேன்சர் உடம்பெல்லாம் பரவும்’ என்று ஏதோ ஒரு பக்கத்தில் படித்துக் காட்டினான். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நெகட்டிவ் என்றால் நல்லதா, கெட்டதா? ஈ-கேட்ஹெரின் ஒரு புரதமாம், அதற்கு உடம்பில் என்னதான் வேலை? முதல் மேமோகிராமில் ஏன் தெரியவில்லை? தெரிந்தவர்கள் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

வைகைக்கரை

பயப்படாதீங்க சகோதரி. நெகட்டிவ் என்றாலே நல்லதுதான். கொரோனா டெஸ்ட் நெகட்டிவ் வந்தால் சந்தோஷப்பட்டோம் இல்லையா, அதுபோலத்தான்.

ஃபிளாஸ்க்கும்நானும்

செல்வி, வைகைக்கரை அண்ணன் ஆறுதலுக்காகச் சொல்கிறார், ஆனால் அது தப்பு. கொரோனாவில் நெகட்டிவ் என்றால் இருக்கக்கூடாத கிருமி இல்லை. இங்கே நெகட்டிவ் என்றால் இருக்கவேண்டிய புரதம் இல்லை.

அதற்காக உங்கள் தம்பி படித்ததும் முழுசாகச் சரி என்று ஆகிவிடாது. இந்த டெஸ்ட் மார்க் போடுவதற்கு இல்லை, பெயர் வைப்பதற்கு. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பேருக்கு வருவது இந்த லோபுலர் வகை. அந்த வகையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது கட்டிகளில் ஈ-கேட்ஹெரின் இருக்காது. முதல் வரியில் லோபுலர் என்று எழுதியதைத்தான் கடைசி வரியில் வேறு வார்த்தையில் எழுதியிருக்கிறார்கள். புதிதாக ஒரு கெட்ட செய்தி சேரவில்லை.

நான் டாக்டர் இல்லை. பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் ஆறு வருடம் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்தவள். செல்லுக்குச் சோறு போட்டே முனைவர் பட்டம் வாங்கியவள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் பேச்சு. செல் விஷயத்தில் என்னை நம்பலாம்.

என் இன்குபேட்டரில் எப்போதும் இரண்டு வகைச் செல்கள் இருக்கும். ஒன்று எம்சிஎஃப்-7. 1970இல் அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரீயின் நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த நீரிலிருந்து எடுத்தவை. டெட்ராய்ட்டில் இருந்த மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷனின் முதலெழுத்துகள்தான் எம்சிஎஃப். அந்த அம்மா காலமாகி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, அவருடைய செல்கள் இன்றும் உலகமெங்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன. இன்னொன்று எம்டிஏ-எம்பி-231, ஹூஸ்டனில் உருவாக்கியது. முதலாவதில் ஈ-கேட்ஹெரின் நிறைய உண்டு, இரண்டாவதில் இல்லை.

நுண்ணோக்கியில் பார்த்தால் வித்தியாசம் தெரிய முனைவர் பட்டம் தேவையில்லை. எம்சிஎஃப்-7 தரைக்கு டைல்ஸ் பதித்த மாதிரி ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் ஒட்டித் தீவு தீவாக வளரும். 231 அயிரை மீன் மாதிரி நீளநீளமாக, தனித்தனியாக, ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடக்கும். தட்டிலிருந்து பெயர்க்க, புரதத்தை வெட்டும் ட்ரிப்சின் என்ற நொதியை ஊற்றுவோம். 231 இரண்டே நிமிடத்தில் ஒவ்வொன்றாக மிதந்துவரும். எம்சிஎஃப்-7 அடை அடையாகக் கிளம்பும். அதைப் பிரிக்கப் பிப்பெட்டால் ஏற்றி இறக்கிக் கட்டைவிரல் வீங்கிப்போகும்.

சேர்ந்த முதல் வருடம் லேபிள் உரிந்த ஒரு பாட்டிலை நம்பி எம்சிஎஃப்-7க்கு மீடியம், அதாவது செல் வளரும் சத்துநீர், மாற்றினேன். அது கால்சியம் இல்லாத மீடியம். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், டைல்ஸ் எல்லாம் போய் உளுந்து கொட்டிவைத்த மாதிரி உருண்டை உருண்டையாகத் தனித்தனியே நிற்கின்றன. செல்லைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்து அழுதேவிட்டேன். பக்கத்து மேசை சீனியர் ஒன்றும் பேசாமல் சரியான மீடியத்தை எடுத்து ஊற்றினார். இருட்டுவதற்குள் மறுபடியும் கைகோத்துக்கொண்டன.

இப்படி ஒரு கலவைக் குழப்பத்தில்தான் இந்தப் புரதமே அகப்பட்டது. 1970களில் மசாடோஷி டகேய்ச்சி என்கிற ஜப்பானியர் கியோட்டோவிலிருந்து அமெரிக்காவில் பால்டிமோரில் இருந்த கார்னகி ஆய்வகத்துக்குப் போனார். ஊரில் செய்த அதே சோதனையை அங்கே செய்தார். ட்ரிப்சினால் பிரித்த செல்கள் கியோட்டோவில் தாமாகத் திரும்ப ஒட்டிக்கொண்டன, இங்கே ஒட்டவேயில்லை. துருவிப் பார்த்ததில், அமெரிக்க ஆய்வகத்தின் ட்ரிப்சினில் ஈடிடிஏ கலந்திருந்தது தெரிந்தது. ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் இருந்தால் ஒட்டும் புரதம் விறைப்பாக நிற்கும், ட்ரிப்சினால் அதை வெட்ட முடியாது. கால்சியம் போனால் துவண்டுவிடும், ட்ரிப்சின் நறுக்கிவிடும். 1977இல் அவர் இதை எழுதினார், 1984இல் அந்தப் புரதத்துக்குக் கேட்ஹெரின் என்று பெயர் வந்தது. கால்சியத்தையும் ஒட்டுதலையும் சேர்த்துக் கட்டிய பெயர்.

சரி, உங்கள் தொழிலுக்கே வருகிறேன். ஈ-கேட்ஹெரின் ஒரு பிரஸ் பட்டன். ஒரு செல்லின் மேல்தோலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம், பக்கத்துச் செல்லின் அதே மாதிரிப் பாகத்தோடு மாட்டிக்கொள்ளும். ஆனால் பட்டனை வெறும் துணியில் அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இழுத்தவுடன் துணியோடு பிய்ந்துவரும். அதனால் பின்பக்கம் கேன்வாஸ் வைப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். செல்லுக்கு உள்ளே பட்டனின் வாலைப் பீட்டா-கேட்டனின் பிடித்திருக்கும், அதை ஆல்ஃபா-கேட்டனின் பிடித்திருக்கும், அது செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகளில் கட்டியிருக்கும். கேட்டனின் என்ற பெயரே சங்கிலி என்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அம்மாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் பி120-ம் இந்தக் குடும்பம்தான். பட்டனைச் செல் உள்ளே இழுத்து அழித்துவிடாமல் காவல் நிற்பது அதன் வேலை. பட்டனே இல்லாதபோது காவல்காரனுக்கு நிற்க இடம் இல்லை, செல்லுக்குள் அலைகிறான். ‘பி120 சைட்டோபிளாசத்தில்’ என்று எழுதியிருப்பது அதைத்தான்.

லோபுலர் கட்டிகளில் சுமார் மூன்றில் இரண்டில் இந்தப் பட்டனைச் செய்யும் சிடிஎச்1 என்ற ஜீனே பழுதாகியிருக்கும். அது 16ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பட்டன் இல்லாத செல்கள் கும்பலாகத் திரண்டு உருண்டை ஆகாது. ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, கொழுப்புக்கும் நாருக்கும் நடுவே புகுந்து நிற்கும். சுற்றியிருக்கும் திசுவை அதிகம் கலைக்காது. மேமோகிராமில் ஓரம் தெளிவான ஒரு கட்டியைத் தேடும் கண்ணுக்கு அது தப்பிவிடுவது உண்டு. நீங்கள் தொட்டபோது உருண்டையாக இல்லாமல் மடிப்பு மாதிரி இருந்ததும் அதனால்தான். செக்கிங் பார்த்த விரல் பொய் சொல்லவில்லை. விடாமல் இன்னொரு டாக்டரைப் பார்த்த அம்மாவுக்கு என் வணக்கம்.

ஓவர்லாக்செல்வி

அக்கா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். பட்டன், கேன்வாஸ் எல்லாம் நன்றாகப் புரிந்தது. ஆனால் புரிந்ததில் இன்னொரு பயம் வந்துவிட்டது. பட்டன் இல்லை என்றால் செல்கள் கழன்று ஏற்கனவே எல்லா இடத்துக்கும் போயிருக்குமே? அப்படித்தானே அர்த்தம்?

தம்பி வேறு கேட்கிறான். ஒட்டுவது ஒரு சங்கதி, வளர்வது வேறு சங்கதி. பட்டன் போனால் துணி பிரியும், துணி பெருகாதே! பிறகு எப்படிக் கட்டி வளர்ந்தது? அவன் பாலிடெக்னிக், இப்படித்தான் மடக்கி மடக்கிக் கேட்பான்.

அப்புறம், ஜீன் பழுது என்றீர்கள். அப்படியானால் எனக்கும் என் மகளுக்கும் வருமா?

பழுப்புவலை

அந்த ரிப்போர்ட்டுக்கான ஸ்லைடைச் செய்கிற ஆள் நான். அதாவது அம்மாவின் ஸ்லைடை இல்லை, அதுமாதிரி தினமும் முப்பது, நாற்பது. பேத்தாலஜி லேபில் டெக்னீஷியன். ‘நெகட்டிவ்’ என்ற வார்த்தை எப்படி வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஃபார்மலினில் ஊறிய சதையை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பதாக வகுத்தால் வரும் கனத்தில் சீவுவோம். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து மறைத்துவிடும், அதனால் ஸ்லைடை வேகவைப்போம். எங்கள் லேபில் அதற்குப் பிரஷர் குக்கர்தான். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே நீங்கள் சாதம் வைக்கிற குக்கர். பிறகு ஈ-கேட்ஹெரினை மட்டும் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி. பிடித்த இடம் பழுப்பாக மாறும், மற்றதெல்லாம் நீலம்.

புரதம் இருந்தால் ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் பழுப்புக் கோடு, தேன்கூடு வரைந்த மாதிரி. லோபுலரில் நீலப் புள்ளிகள் மட்டும் வரிசையாக நிற்கும். சாயம் சரியாகப் பிடிக்காமல் நெகட்டிவ் வந்திருக்குமோ என்ற சந்தேகம் யாருக்கும் வரலாம். அதற்கு அதே ஸ்லைடிலேயே சாட்சி உண்டு. கட்டிக்குப் பக்கத்தில் நோயில்லாத பால்குழாய்கள் ஒன்றிரண்டாவது இருக்கும். அவை பழுப்பாகி, கட்டி மட்டும் ஆகாமல் இருந்தால்தான் டாக்டர் நெகட்டிவ் என்று கையெழுத்துப் போடுவார். சில லோபுலர் கட்டிகளில் கேட்ஹெரின் பழுதாகியும் சாயம் ஏறும், குழப்பும். அதற்குத்தான் பி120-ஐயும் சேர்த்துப் பார்ப்பது. அம்மாவுக்கு இரண்டும் ஒன்றையே சொல்கின்றன, வகையில் குழப்பம் இல்லை.

ஃபிளாஸ்க்கும்நானும்

பழுப்புவலை சொன்ன குக்கர் எங்கள் ஆய்வகத்திலும் உண்டு. அதில் ஒருவர் முட்டை அவித்துப் பெரிய பஞ்சாயத்து ஆனது வேறு கதை.

செல்வி, தம்பியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் சரியான கேள்வி. நானும் முதல் வருடம் ஒட்டுவது வேறு, வளர்வது வேறு என்றுதான் நினைத்திருந்தேன். செல்லுக்கு அது இரண்டும் ஒரே கம்பியில் ஓடுகிற சங்கதி. பட்டன் வெறும் பட்டன் இல்லை, காலிங்பெல்லும் அதுதான். பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று செல் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. நோயில்லாத செல்களைத் தட்டில் வளர்த்தால், தட்டு நிரம்பி எல்லாப் பக்கமும் பக்கத்துச் செல் தொட்டவுடன் பிரிவதை நிறுத்திவிடும். நான் என்ன சத்து ஊற்றினாலும் அசையாது. கேன்சர் செல் அந்தத் தகவலைக் காதில் வாங்காது. தட்டு நிரம்பிய பிறகும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

செல்லுக்கு வெளியே வளர்ச்சிக்கான ஆணை கொண்டுவரும் புரதங்கள் பல. அதில் ஒன்று ஐஜிஎஃப்-1. அதை வாங்கிக்கொள்ளும் ரிசெப்டர் செல்லின் மேல்தோலில் இருக்கும். ஈ-கேட்ஹெரின் இருக்கும்வரை அந்த ரிசெப்டரின் சத்தத்தை அடக்கி வைக்கிறது. ஈ-கேட்ஹெரின் போனால் அதே அளவு ஐஜிஎஃப்-1க்கே உள்ளே பிஐ3-கைனேஸ், ஏகேடி என்கிற வரிசையில் செய்தி உரக்கப் போகிறது. ‘உயிரோடு இரு, பெருகு’ என்பதுதான் செய்தி. லோபுலர் கட்டிகளில் இந்த வரிசையிலேயே தனியாகப் பழுதும் அடிக்கடி இருக்கும்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லவேண்டும். தம்பி இன்னும் கொஞ்சம் தேடினால், பட்டன் போனவுடன் பீட்டா-கேட்டனின் விடுபட்டு உட்கருவுக்குள் ஓடி வளர்ச்சி ஜீன்களைத் திறந்துவிடும் என்று படிப்பான். பீட்டா-கேட்டனினுக்கு அப்படி இரண்டாவது வேலை இருப்பது உண்மை. பெருங்குடல் புற்றுநோயில் அதுதான் நடக்கிறது. அங்கே விடுபட்ட பீட்டா-கேட்டனினை அழிக்கும் ஏபிசி என்ற புரதமே பெரும்பாலும் பழுது. லோபுலரில் அந்த அழிக்கும் இயந்திரம் நன்றாகவே இருக்கிறது, அதனால் பட்டனோடு பீட்டா-கேட்டனினும் காணாமல் போய்விடுகிறது. ஒரு உறுப்பின் கதையை இன்னொன்றுக்கு மாட்டிவிடுவது இணையத்தில் சாதாரணம். நானே ஒரு கருத்தரங்கில் அப்படிப் பேசி, கேள்வி நேரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். கழன்ற செல் எல்லாம் போய் எங்காவது குடியேறிவிடுமா? அது அவ்வளவு சுலபம் இல்லை. செல்லுக்குப் பக்கவாட்டில் பட்டன் இருப்பதுபோல அடியில் வேர் உண்டு. இன்டெக்ரின் என்று பெயர். தரையைப் பிடித்திருக்கும் அந்த வேர், எஃப்ஏகே, சார்க் என்ற இரண்டு புரதங்கள் வழியாக ‘நான் என் இடத்தில் இருக்கிறேன்’ என்று உள்ளே சொல்லிக்கொண்டேயிருக்கும். தரையிலிருந்து பெயர்ந்த செல்லுக்கு அந்தச் செய்தி நின்றுவிடும். நின்றால் அது தன்னைத்தானே கொன்றுகொள்ளும். 1994இல் இதற்கு அனோய்கிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் வீடற்ற நிலை என்று பொருள். உடம்பு வைத்திருக்கும் மிகப் பழைய காவல் இது. இடம் மாறி அலைகிற செல் உயிரோடு இருக்கக்கூடாது.

(சார்க் என்றதும் ஒரு கிளைக்கதை. கோழிக்குக் கட்டி உண்டாக்கும் வைரஸை 1911இல் பெய்டன் ரூஸ் எழுதினார். அதன் கட்டி ஜீன்தான் சார்க். அந்த ஜீன் வைரஸின் சொந்தச் சரக்கு இல்லை, கோழியிடமிருந்தே திருடியது என்று 1976இல் பிஷப், வார்மஸ் குழு காட்டியது. சார்க், புரதத்தின் டைரோசின் என்ற இடத்தில் பாஸ்பேட் ஒட்டுகிறது என்று டோனி ஹன்ட்டர் 1979இல் கண்டதோ சோம்பலால். அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் பஃபர் என்ற கரைசலைப் புதிதாகக் கலக்காமல் பழையதையே ஓட்டினார். அதன் பிஎச் 1.9லிருந்து 1.7க்கு இறங்கியிருந்தது. அதனால் மட்டுமே, வழக்கமாக ஒன்றாகச் சேர்ந்து மறையும், பாஸ்பேட் ஒட்டிய இரண்டு அமினோ அமிலங்களின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. இன்றைக்கு உள்ள எத்தனையோ கேன்சர் மாத்திரைகளின் வேர் அந்தப் பழைய பஃபரில் இருக்கிறது. என் கைடு இதை என்னிடம் சொன்னதேயில்லை, சொன்னால் நான் பஃபர் கலப்பதை நிறுத்திவிடுவேன் என்று பயந்திருப்பார்.)

லோபுலர் செல்கள் இந்தக் காவலை ஓரளவு ஏமாற்றக் கற்றிருக்கின்றன. உள்ளே அலையும் அந்தப் பி120, ரோ, ராக் என்ற புரதங்கள் வழியாகச் செல்லை மிதந்தபடியே தாக்குப்பிடிக்க உதவுகிறது. அதனால் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘பட்டன் போனால் பரவும்’ என்ற ஒரு வரி எவ்வளவு அரைகுறை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2019இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், அதிகமாகக் காணப்படும் டக்டல் வகை மார்பகப் புற்றுநோய்ச் செல்களிலிருந்து எலிகளில் ஈ-கேட்ஹெரினை நீக்கினார்கள். செல்கள் அக்கம்பக்கத்தில் நுழைவது அதிகமானது. ஆனால் வழியிலேயே பெரும்பாலும் செத்துப்போயின, தூரத்தில் போய்க் கட்டியானது குறைந்தது. டக்டல் வகைக்குப் பயணத்தில் பட்டன் தேவைப்படுகிறது, கும்பலாகப் போனால்தான் பிழைக்கிறது. ஒரே புரதம், இரண்டு வகைக் கட்டியில் இரண்டு கணக்கு.

அம்மாவுக்குப் பரவியிருக்கிறதா என்று இந்த ஈ-கேட்ஹெரின் வரி சொல்லாது. ஸ்கேனும், அக்குள் நெறிக்கட்டியும், ஆபரேஷன் ரிப்போர்ட்டும்தான் சொல்லும். ரிப்போர்ட்டில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த வரி வேறு: ஈஆர் பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ரிசெப்டர் இருக்கிறது. இந்தச் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரிய தீனி. டாக்டர் மாத்திரை என்றது அந்தத் தீனியை நிறுத்துவதைத்தான். கேஐ-67 12 என்றால், எண்ணிய புற்றுநோய்ச் செல்களில் நூற்றுக்குப் பன்னிரண்டுதான் பிரியும் வேலையில் இருந்தன. அதை அதிகம் என்று சொல்லமாட்டார்கள்.

ஜீன் விஷயம். கட்டியின் செல்லில் ஏற்பட்ட பழுதும் பிறவியிலேயே உடம்பெல்லாம் இருக்கும் பழுதும் வேறு வேறு. அம்மாவுக்கு உள்ளது பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும், அது பிள்ளைகளுக்கு வராது. இரண்டாவது வகையும் உண்டு. நியூசிலாந்தில் ஒரு மாவோரி குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளம் வயதிலேயே இரைப்பைப் புற்றுநோய் வந்தது. பிறவியிலேயே வந்த சிடிஎச்1 பழுதுதான் காரணம் என்று 1998இல் தெரிந்தது. அப்படிப்பட்ட குடும்பப் பெண்களுக்கு லோபுலர் மார்பகப் புற்றுநோயும் அதிகம். அதனால் டாக்டரிடம் போகும்போது அம்மா வழியில் யாருக்காவது வயிற்றில் புற்றுநோய் வந்ததா, என்ன வயதில் என்று விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். இருந்தால் ஜீன் டெஸ்ட் தேவையா என்று அவர் சொல்வார்.

நெல்லைக்காரி

என் அம்மாவுக்கும் லோபுலர்தான், ஆறு வருடம் ஆகிறது. இப்போது பேத்தியோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார். எங்களுக்கு ஆபரேஷனுக்கு முன் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று இந்த வகையில் மேமோகிராமைவிட அதில் நன்றாகத் தெரியும் என்றார்கள். அடுத்த மார்பையும் அதிலேயே பார்த்துவிட்டார்கள். உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள் செல்வி.

ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை ஆரம்பித்தால் காலையில் கை மடக்க முடியாமல் மூட்டு வலிக்கலாம். அம்மா சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு மாதம் எங்களை ஏமாற்றினார்! வலித்தால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள். எலும்பு அடர்த்தி டெஸ்டும் ஒன்று எடுத்துவிடுங்கள்.

வைகைக்கரை

நான் சொன்னது தப்பு என்று புரிந்துவிட்டது, மன்னிக்கவும் சகோதரி. இனி தெரியாததில் வாய் வைக்கமாட்டேன்.

ஓவர்லாக்செல்வி

பரவாயில்லை அண்ணா, அன்றைக்கு ராத்திரி முதலில் பேசியது நீங்கள்தான்.

டாக்டரிடம் எம்ஆர்ஐ பற்றிக் கேட்டேன், எடுக்கலாம் என்று வியாழக்கிழமைக்கு எழுதிக் கொடுத்தார். பெரியம்மாவிடம் விசாரித்துவிட்டேன், இரைப்பைப் புற்றுநோய் யாருக்கும் இல்லை. தாத்தாவுக்குத் தொண்டையில் வந்ததாம், அவர் பீடி.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன், கேன்வாஸ், வரிசையில் நிற்பது எல்லாம். அவரும் இருபது வருடம் பவர் டேபிள் ஓட்டியவர். நிதானமாகக் கேட்டுவிட்டு, “பட்டன் போனா வேற பட்டன் வெச்சு அடிக்க முடியாதாமா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அக்கா, முடியாதா?

ஃபிளாஸ்க்கும்நானும்

அம்மா கேட்டதை எங்கள் ஆய்வகக் கூட்டத்தில் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேச்சு ஓடியிருக்கும். தட்டில் முடியும். பட்டன் இல்லாத செல்லுக்குள் நல்ல சிடிஎச்1 ஜீனைச் செலுத்தினால் அது பட்டன் செய்யும், செல்கள் மறுபடி ஒட்டும். ஆனால் ஆளின் உடம்பில் இருக்கும் கட்டியில் ஒவ்வொரு செல்லுக்கும் அப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்க இன்றைக்கு வழி இல்லை.

அதனால் சிலர் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். பட்டன் இல்லாத செல் பிழைக்க வேறு எதை நம்பியிருக்கிறது, அதைப் பிடுங்கினால் என்ன? லண்டன் கேன்சர் ஆய்வு நிறுவனத்தில் 2018இல், ஈ-கேட்ஹெரின் இல்லாத செல்களில் ராஸ்1 என்ற புரதத்தைத் தடுத்தால் அவை சாகின்றன, ஈ-கேட்ஹெரின் உள்ளவை தப்பிக்கின்றன என்று கண்டார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்கனவே கடையில் இருக்கும் கிரிசோட்டினிப் அந்த வகை மருந்துதான். அதை லோபுலர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் அங்கே தொடங்கினார்கள். அம்மாவுக்கு இப்போது இது மருந்து இல்லை, டாக்டரிடம் போய்க் கேட்டு வாங்கவும் வேண்டாம். அவருக்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரைதான் வழி. ஆனால் அவர் கேள்விக்குப் பதில் இதுதான் என்று சொல்லுங்கள்: பட்டன் வைக்கத் தெரியவில்லை, பட்டன் இல்லாத துணியை மட்டும் தேடி வெட்டுகிற கத்தரியைச் செய்து பார்க்கிறார்கள்.

வியாழக்கிழமை எம்ஆர்ஐக்குப் போகும்போது அம்மா வளையல், தோடு, சேஃப்டி பின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவைத்துவிடச் சொல்லுங்கள். பவர் டேபிள் ஓட்டியவர் என்றால் சேலையில் எங்கேயாவது ஒரு பின் நிச்சயம் இருக்கும்.